எட்டுப் பேர்ச் காணியில் விழும் மழை

தெஹிவளையில், கால்வாய்க்கு அண்மையில், எட்டுப் பேர்ச் காணியோடு வீடு வாங்கியிருக்கிறீர்கள். வாகனம் நிறுத்துவதற்காக முன்பக்கம் முழுவதும் இன்டர்லொக் கல் பதித்திருக்கிறது. பின்னால் சமையலறைக்கும் மதிலுக்கும் நடுவே இரண்டரைப் பேர்ச் அளவு வெறும் நிலம். அதில் விரித்த மலேசியன் புல் ஒரே மழைக்காலத்தில் அழுகிவிட்டது. அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்து நட்ட முருங்கைத் தடியும் அழுகிவிட்டது. ஒக்டோபரில் தேங்கிய நீர் இந்த நவம்பரிலும் சமையலறைப் படியோரம் நிற்கிறது. நிலத்தை ஓர் அடி உயர்த்திக் கொங்கிரீட் போட்டுவிடலாம் என்கிறார் மேசன். உங்களுக்கு அதில் மனமில்லை. சூழலுக்கு உகந்த தோட்டம் வேண்டும், எந்தெந்தச் செடிகளை வைக்கலாம், சுதேச இனங்கள் மட்டும்தான் வைக்க வேண்டுமா, பாம்பும் நுளம்பும் வராமல் பார்ப்பது எப்படி, பணத்தை எந்த ஒழுங்கில் செலவிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது செடிகளின் பட்டியல்தான். ஆனால் எழுதியதில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றியது. ஆகவே உங்கள் காணியில் விழும் மழையை என்ன செய்வது என்பதையே கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். அது தீர்ந்தால் பட்டியல் பெரிய காரியமல்ல. அது தீராமல் நாற்று மேடையில் வாங்கிவரும் எதுவும் அடுத்த ஒக்டோபரைத் தாண்டாது.

நான் பேராதனையில் விவசாயம் படித்தவன். கொழும்பிலும் புறநகரிலும் வீட்டுத் தோட்டங்கள் அமைத்துக்கொடுப்பது நெடுங்காலமாக என் தொழில். வடக்கிலிருந்து வந்து இங்கே காணி வாங்குபவர்களிடம் நான் முதலில் சொல்வது மழைக் கணக்கைத்தான். யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து முடிந்துவிடும். கொழும்பில் சுமார் 2,400 மில்லிமீற்றர். தென்மேற்குப் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை. அதற்கு முன் ஏப்ரலில் மாலை இடிமழை, பின்னர் ஒக்டோபர், நவம்பரில் மீண்டும் இடிமழை. ஓரளவு காய்ந்த மாதங்கள் என்றால் ஜனவரியும் பெப்ரவரியும்தான். ஊரில் தோட்டம் செய்பவரின் கவலை, கிணற்று நீரை எப்படிச் சிக்கனமாகப் பாய்ச்சுவது என்பது. இங்கே கவலை நேர்மாறானது. ஊர்ப் பழக்கத்தைக் கைவிடாமல் செடியைச் சுற்றிப் பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்கி வைக்கும் தோட்டங்களை வெள்ளவத்தையில் இன்றைக்கும் பார்க்கலாம்.

இப்போது உங்கள் கூரைக்கு வருவோம். கூரைப் பரப்பு 100 சதுர மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீற்றர் மழைக்கு அதிலிருந்து 100 லீற்றர் இறங்கும். ஒக்டோபரில் ஒரு மாலைப்பொழுதில் 50 மில்லிமீற்றர் பெய்தால் 5,000 லீற்றர். அந்த நீர் முழுவதும் பீலி வழியாக ஒரே மூலையில், உங்கள் சமையலறைப் பக்கத்தில் கொட்டுகிறது என்பது என் ஊகம். படியோரம் நீர் நிற்பதற்கு நிலத்தில் விழும் மழையைவிடக் கூரையிலிருந்து வரும் மழையே காரணமாக இருக்கும் வீடுகள்தான் அதிகம். மழை பெய்யும்போது குடையோடு வெளியே போய்ப் பீலிக் குழாய் எங்கே கொட்டுகிறது என்று பாருங்கள். மழைநீர்த் தாங்கி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். 1,000 லீற்றர் தாங்கி முதல் 10 மில்லிமீற்றர் மழையிலேயே நிரம்பிவிடும். செடிக்கு ஊற்றவும் வாகனம் கழுவவும் அது நல்ல ஏற்பாடு, ஆகவே வையுங்கள். ஆனால் வெள்ளத்தை அது தடுக்காது. தாங்கி நிரம்பிய பின் வழியும் நீர் எங்கே போகும் என்பதற்கு விடை இல்லாமல் தாங்கியை வாங்க வேண்டாம்.

அடுத்ததாக, மண்ணை நேரில் பார்க்க வேண்டும். மலேசியன் புல் நிழலையும் ஈரத்தையும் ஓரளவு தாங்கக்கூடியது. அதுவே அழுகிவிட்டதென்றால் வேருக்குக் காற்றுப் போகவில்லை என்று பொருள். மண்வெட்டியால் ஓர் அடி ஆழத்துக்கு வெட்டி, அந்த மண்ணைக் கையில் எடுத்து உடைத்துப் பாருங்கள். செம்மண்ணாக, விரலிடையில் உதிர்வதாக இருந்தால் மேற்பரப்பு மட்டும் கட்டட வேலையின்போது மிதிபட்டு இறுகியிருக்கிறது. அலவாங்கால் குத்தி இளக்கிச் சேதனப் பசளை கலந்தால் சரிப்படுத்திவிடலாம். சாம்பல் பூத்த நீலநிறமாக, இடையிடையே துருப்பிடித்தாற்போல் செம்புள்ளிகளோடு, கூழ்முட்டை நாற்றம் அடித்தால் அது நெடுங்காலம் நீரில் கிடக்கும் மண். சதுப்பு நிலத்தை நிரப்பிய காணியாக இருக்கலாம். காலி வீதியை ஒட்டிய பகுதிகளில் கடல் மணல் கிடைக்கும், அங்கே நீர் நிற்கவே நிற்காது. ஒரே தெஹிவளையில் பத்து நிமிட நடைக்குள் இந்த மூன்று மண்ணும் வரும். அதனால்தான் அடுத்த வீதியில் இருக்கும் நண்பரின் தோட்டத்தைப் பார்த்து நாமும் அப்படியே செய்வது உதவாது.

மண்ணைப் பார்த்த பின் குழிச் சோதனை. மதிலிலிருந்தும் வீட்டிலிருந்தும் தள்ளி, ஓர் அடி அகலத்தில், இரண்டடி ஆழத்தில் ஒரு குழி வெட்டுங்கள். வெட்டும்போதே அடியில் நீர் ஊறி வந்தால் சோதனை அத்தோடு முடிந்தது: நிலத்தடி நீர் மேலேயே நிற்கிறது, இன்னும் நீரை உள்ளே அனுப்ப இடமில்லை. ஊறாவிட்டால் குழியை நீரால் நிரப்பி, வடிந்த பின் மறுபடி நிரப்பி, ஒரு தடியைச் செங்குத்தாக நிறுத்தி மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். மணிக்கு இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் இறங்கினால் நல்லது. ஒரு சென்ரிமீற்றர்கூட இறங்கவில்லை என்றால் ஊறவைக்கும் திட்டத்தைக் கைவிடுங்கள். இந்தச் சோதனையை ஜனவரியில் செய்தால் பொய்யான நம்பிக்கைதான் கிடைக்கும். நீர் மட்டம் உயர்ந்திருக்கும் இந்த நவம்பர்தான் அதற்குச் சரியான காலம்.

நீர் இறங்குகிறது என்றால், வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது மூன்று மீற்றர் தள்ளி, எட்டுச் சதுர மீற்றர் பரப்பில், அரை அடி ஆழத்தில், தட்டையான அடியோடு ஒரு பள்ளம் எடுங்கள். பீலி நீரும் தாங்கியில் வழியும் நீரும் அதற்குள் வரட்டும். அது ஏறத்தாழ 1,200 லீற்றர் பிடிக்கும். தாங்கியையும் சேர்த்தால் 22 மில்லிமீற்றர் மழைக்கு ஈடு. மண் உறிஞ்சுவது இதற்கு மேல். சாதாரண மழைகள் பலவும் இதற்குள் அடங்கிவிடும். ஆனால் 100 மில்லிமீற்றர் கொட்டும் நாளில் 10,000 லீற்றர் வரும். அன்றைக்கு மிஞ்சும் நீர் பள்ளத்தின் ஒரு வாயிலால் வீதிக் கானுக்குப் பாதுகாப்பாக வெளியேற வேண்டும். மழைநீரை மலக்குழிக்குள்ளோ கழிவுநீர்க் குழாய்க்குள்ளோ திருப்பிவிட எந்த மேசன் சொன்னாலும் சம்மதிக்க வேண்டாம். இரண்டும் பொங்கி வீட்டுக்குள் வரும். மண் நீரை உறிஞ்சவில்லை என்றால் பள்ளத்துக்குப் பதிலாக மேட்டுப் பாத்தி: ஒன்றரை அடி உயரத்தில் மண் அணைத்து அதன் மேல் நடுகை, பாத்திகளுக்கு இடையே கான் நோக்கிச் சரியும் ஆழமற்ற வாய்க்கால்.

மேசனின் யோசனையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: நிலத்தை உயர்த்தினால் உங்கள் நீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். அவரும் உயர்த்துவார். பிறகு வீதிக்கு வரும். 2010 நவம்பரிலும் 2016 மே மாதத்திலும் கொழும்பு மூழ்கியதற்குக் காரணம் பலவானாலும், மழையை உள்வாங்கும் சதுப்பு நிலங்கள் நிரப்பப்பட்டதும் தரை எங்கும் மூடப்பட்டதும் அவற்றுள் முக்கியமானவை. எஞ்சிய சதுப்பு நிலங்களுக்காகத்தான் 2018இல் கொழும்புக்கு, ராம்சார் என்னும் சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. உங்கள் வீட்டுக்குத் தொலைவில் இல்லாத பெல்லன்வில - அத்திடிய சதுப்பு நிலம் 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மீன்பிடிப் பூனை இன்றும் வாழும் தலைநகரம் இது. முன்பக்க இன்டர்லொக் கல்லை முழுவதும் பெயர்க்கத் தேவையில்லை. வாகனச் சக்கரம் ஓடும் இரண்டு பட்டைகளை விட்டுவிட்டு நடுப்பட்டையையும் மதிலோர வரிசைகளையும் எடுங்கள். அடியில் இறுக்கிய கருங்கல் தூளையும் அகற்றி மண்ணும் பசளையும் போடுங்கள். நாற்சார் வீட்டு முற்றத்தில் மழை விழுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிய பாடமல்ல. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் கட்டிய ஏனா டி சில்வா வீட்டிலும் நடு முற்றத்தைச் சுற்றித்தான் வீடு. நாம்தான் இடையில் தரையெல்லாம் சீமெந்து பூசுவதை வசதி என்று நினைக்கத் தொடங்கினோம்.

மண்ணை நலமாக வைத்திருக்கச் செய்ய வேண்டியதைவிடச் செய்யாமல் விடவேண்டியதே அதிகம். முற்றத்தைப் பெருக்கிச் சருகைக் குவித்துக் கொளுத்துவதை நிறுத்துங்கள். கொழும்பின் மழை மண்ணிலுள்ள சத்தைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. அதை ஈடுசெய்வது சருகு. பாத்திகளின் மேல் நான்கு விரல் தடிப்புக்குச் சருகைப் பரப்பி, மரத்தின் அடியிலிருந்து ஒரு சாணும், கறையானை நினைத்து வீட்டுச் சுவரிலிருந்து ஓர் அடியும் விட்டுவிடுங்கள். சுவரோரச் செடிகளின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க மஞ்சளித்தால், உடைந்த சீமெந்தும் சுண்ணாம்பும் மண்ணில் கலந்திருக்கக்கூடும். அங்கே யூரியா போட்டுப் பயனில்லை, சிதைவுகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். சமையலறைக் கழிவுக்கு மூடியுள்ள ஒரு கூட்டெருத் தொட்டி போதும். மீன் கழிவை அதில் போட வேண்டாம், எலி வரும்.

நுளம்பைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. 2017இல் இலங்கையில் பதிவான டெங்கு நோயாளர் தொகை 1,86,000ஐத் தாண்டியது. இதில் உறுதியாகத் தெரிந்தவை சில உண்டு. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாட்கள் எடுக்கும். ஆகவே ஒரு நாளில் வற்றும் மழைப்பள்ளம் ஆபத்தில்லை, வாரக்கணக்கில் நீர் நிற்கும் சிறு பொருட்கள்தான் ஆபத்து. தோட்டத்தைக் குறை சொல்பவர்கள் கூரையை அண்ணாந்து பார்ப்பதில்லை. சருகு அடைத்துச் சரிவு கெட்ட பீலிதான் நான் போகும் வீடுகளில் அடிக்கடி அகப்படும் குற்றவாளி. அடுத்து, கொல்லைப் பக்கம் கிடக்கும் தயிர்ச் சட்டி, சிரட்டை, பூச்சாடித் தட்டு, ஓர்க்கிட் செடிக்கு வைத்த பொச்சுமட்டை. மட்டையை எப்போதும் குழிவு கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். நாற்று மேடைகளில் நல்ல விலைக்கு விற்கும் புரோமிலியாட் செடியின் இலைக்கவட்டில் நீர் நிற்கும், அதில் புழு வளரும். விசிறிவாழையும் அப்படித்தான். எனவே சிறு பிள்ளை உள்ள வீட்டுக்கு இரண்டும் வேண்டாம். பாத்திரத்தைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டை விளிம்பில் ஒட்டியபடி காய்ந்து மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும். தாங்கியின் வாயையும் வழிவாயையும் நுண்ணிய வலையால் கட்டுங்கள். துளசி, எலுமிச்சம்புல் போன்றவற்றை நட்டால் நுளம்பு வராது என்பதற்கு ஆதாரம் மிகவும் பலவீனம். அவற்றின் எண்ணெய் சற்று நேரம் விரட்டும், நின்றுகொண்டிருக்கும் செடி விரட்டுவதில்லை. தொட்டியில் கப்பி மீன் விட்டால் புழுக்களைத் தின்னும், உண்மைதான். ஆனால் அந்த மீனைக் கால்வாயில் கொட்டிவிடாதீர்கள், அது நம் ஊர் மீனல்ல.

பாம்பு விடயம் சுருக்கமானது. பாம்பு செடியைத் தேடி வருவதில்லை, எலியையும் தவளையையும் மறைவிடத்தையும் தேடி வருகிறது. மதிலோரம் அடுக்கிய பழைய ஓடும் செங்கல்லும் போனால் பாதிப் பிரச்சினை போய்விடும். கொழும்பு வீடுகளில் கண்டு அலறப்படுவது பெரும்பாலும் சாரை. அதற்கு நஞ்சில்லை, எலியைப் பிடிக்கும், விட்டுவிடுங்கள். ஆனால் சருகு நிறத்தில் சருகுக்குள்ளேயே கிடக்கும் சிறு விரியன் இனமும் ஈரவலயத்தில் உண்டு. ஆகவே நடைபாதையில் சருகு வேண்டாம், இரவில் விளக்கும் செருப்பும் இல்லாமல் தோட்டத்தில் இறங்க வேண்டாம். பாம்பை விரட்டும் செடி என்று எதையும் பணம் கொடுத்து வாங்க வேண்டாம்.

சுதேச இனங்கள் மட்டும்தானா என்றால், நான் அவ்வளவு கண்டிப்பானவன் அல்லன். மிளகாயும் பப்பாசியும் கொய்யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதாம். அவற்றை விலக்கிவிட்டுச் சமைக்க முடியுமா? என் விதி இதுதான்: பரவி அழிக்கும் இனம் ஒன்றும் வேண்டாம், மீதியில் பாதியாவது இங்குள்ள பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் பழக்கமானதாக இருக்கட்டும். நிலம் மூடுவதற்கென்று நாற்று மேடையில் தரும், மஞ்சள் பூப் பூக்கும் சிங்கப்பூர் டெய்சி கால்வாய்க்கரை முழுவதும் பரவிவிடும், வாங்காதீர்கள். உண்ணிச்செடியும் அதே வகை. வேலிக்கு வெட்சி வையுங்கள், இங்கேயே தோன்றிய செடி அது. செவ்வரத்தை வைத்தால் தேன்சிட்டு வரும். மழைப்பள்ளத்தின் அடியில், நீரையும் வறட்சியையும் தாங்கும் வெட்டிவேர், கல்வாழை. ஓரத்தில் சேம்பு, வல்லாரை. பள்ளத்தின் விளிம்பில் இரண்டு வாழை. ஊரில் கிணற்றடியில் வாழை வைத்த அதே காரணத்துக்காக. கறிவேப்பிலையும் தேசியும் கட்டாயம் வேண்டும். அவற்றின் இளம் இலையில் பறவை எச்சம் போல, கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் துடைத்துவிடாதீர்கள். அது ஒரு பெரிய கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழு. கொஞ்சம் வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பொன்றை நீட்டி மணம் வீசும். கறிக்கு எடுத்தது போக அதற்கும் ஒரு கொத்து மிஞ்சட்டும். பூச்சிநாசினி அடித்துவிட்டு வண்ணத்துப்பூச்சி வரவில்லையே என்று வருந்தும் வீடுகள் கொழும்பில் நிறைய உண்டு.

மரம் ஒன்றே ஒன்றுதான். இரண்டரைப் பேர்ச் என்பது ஏறத்தாழ 63 சதுர மீற்றர், இரண்டு பெரிய மரங்களுக்கு இடமில்லை. மேற்குப் பக்கத்தில் வையுங்கள், பின்னேர வெயில் சுவரில் விழுவதைத் தடுக்கும். கமுகு ஒல்லியாக வளரும், ஈரத்தை விரும்பும். பழம் வேண்டுமென்றால் ரம்புட்டானைக் கவாத்துச் செய்து அடக்கி வளர்க்கலாம். பலாவுக்கு ஆசைப்பட்டால் யோசித்து வையுங்கள்: இலங்கையில் பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதி பெறாமல் வெட்டச் சட்டம் இடம் தராது. ஆல், அரசு வகைகள் மதிலையும் குழாயையும் பிளக்கும். அம்மாவின் முருங்கைக்கு ஒரே வழி, நீர் தேங்காத மேட்டுப் பாத்தியில், வெயில் படும் மூலையில் வைப்பது. இலை நன்றாக வரும், காய் ஊரில் போல வராது என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாமரத்துக்கும் பூக்கும் காலத்தில் நல்ல வறட்சி வேண்டும், இங்கே மழை பட்டுப் பூ கருகும். மரக்கறிக்கு நாளொன்றுக்கு ஆறு மணிநேர வெயில் தேவை. 2022இல் பொருளாதார நெருக்கடியின்போது அரசு ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். கொழும்பில் உயர்ந்த மதில்களுக்கிடையே வைத்த கத்தரியும் தக்காளியும் பெரும்பாலும் இலையோடு நின்றுவிட்டன. குறை விதையில் இல்லை, வெயிலில். நிழல் விழும் இடத்தில் வல்லாரை, ரம்பை, இஞ்சி, மஞ்சள் வையுங்கள், ஏமாற்றாது.

இவ்வளவில் எது உறுதி, எது என் ஊகம் என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். கூரைக் கணக்கு, நுளம்பின் வளர்ச்சிக் காலம், நிழலால் சுவர் குளிர்வது ஆகியவை உறுதி. பீலிதான் உங்கள் வெள்ளத்துக்குக் காரணம் என்பதும், காணி நிரப்பிய சதுப்பாக இருக்கலாம் என்பதும் காணியைப் பார்க்காமல் சொன்ன ஊகங்கள். ஒரு வீட்டுப் பள்ளத்தால் நகர வெள்ளம் குறையாது. ஒரு வீதி முழுவதும் செய்தால் கானில் நீர் ஏறும் வேகம் குறையும், அவ்வளவுதான். சுவரில் வெடிப்போ, தரை இறக்கமோ தெரிந்தால் அது என் வேலையல்ல. பள்ளம் வெட்டும் முன் ஒரு கட்டடப் பொறியியலாளரை அழைத்து அத்திவாரத்தைக் காட்டுங்கள். மலக்குழி எங்கே இருக்கிறது என்பதையும் முந்திய உரிமையாளரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

பணத்தை எந்த ஒழுங்கில் செலவிடுவது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் பீலியும் குழாயும், பிறகு நீர் வெளியேறும் வாய், அடுத்து மண்ணும் பசளையும், கடைசியாகத்தான் செடி. செடியைச் சிறியதாக வாங்குங்கள். ஆளுயரக் கன்றுக்குக் கொடுக்கும் விலையில் பத்துச் சிறு கன்றுகள் வரும், அவை சீக்கிரம் வேரூன்றிப் பெரிய கன்றை எட்டிப்பிடித்துவிடும். இந்த வாரம் குழிச் சோதனையைச் செய்து, நீர் இறங்கிய அளவைக் குறித்து வையுங்கள். மண் வேலைகளை ஜனவரி, பெப்ரவரியில் முடியுங்கள். ஈர மண்ணில் அலவாங்கு போட்டால் இன்னும் இறுகிவிடும். மார்ச்சில் சருகைப் பரப்பி, ஏப்ரல் மழை இரண்டு விழுந்த பின் நடுங்கள். மே மாதக் கடும் மழைக்கு முன் வேர் பிடிக்க அந்த இடைவெளி போதும். சமையலறைப் படியோர நீரை மட்டும் ஏப்ரல் வரை விட்டுவைக்க வேண்டாம். பீலிக் குழாய்க்கு ஒரு வளைவும் பத்தடி நீளக் குழாயும் பொருத்தி வாயைக் கான் பக்கம் திருப்பிவிடுவது ஒரு மணிநேர வேலை.